கேள்வியை வாலிலிருந்து படியுங்கள்

வாசகியின் கடிதம்:

"அக்கா, எனக்கு வயது 33. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. இரண்டு பிள்ளைகள். தொலைநிலைக் கல்வியில் உளவியல் இளநிலைப் பட்டம் படிக்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து படிப்பேன். பொது உளவியல் தாளில் 100க்கு 33தான் வந்திருக்கிறது. பாஸ் ஆக 40 வேண்டும். கேட்ட கேள்வி எல்லாமே தெரிந்த கேள்வி: பாவ்லோவ் பற்றி ஒன்று, குறுக்கீடு பற்றி ஒன்று, வலுவூட்டல் பற்றி ஒன்று, பண்டூரா பற்றி ஒன்று. பக்கம் பக்கமாக எழுதினேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், 2 மார்க் கேள்விக்கு 1, 5 மார்க் கேள்விக்கு 2 என்று போட்டிருக்கிறார்கள். கடைசி 10 மார்க் கேள்விக்கு நேரமே இல்லை. எனக்கு ஞாபக சக்தி குறைவா? இந்த வயதில் படிப்பு ஏறாதா? அரியர் எழுதலாமா, இல்லை விட்டுவிடலாமா? வினாத்தாளையும் நான் எழுதிய நான்கு விடைகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்."

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடக்கூடாது. அரியர் எழுதுங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் விடைத்தாளைப் பார்த்த பிறகு சொல்கிறேன். நான் இருபது வருடத்துக்கு மேல் உளவியல் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தியவள். பிறந்து வளர்ந்தது ராயபுரம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பெண்களின் விடைத்தாள்கள் என் கைக்கு நிறைய வந்திருக்கின்றன. உங்களுக்கு நடந்ததுதான் அவர்களில் பலருக்கும் நடந்தது.

ஞாபக சக்தி குறைவா என்று கேட்கிறீர்கள். பெரியவர்களைப் பார்த்துக் குழந்தைகள் முரட்டுத்தனத்தைக் கற்றுக்கொள்கிறார்களா என்று ஆராய்ந்த உளவியலாளர் பண்டூரா பற்றிய விடையில் 1961 என்ற ஆண்டு சரி. 72 குழந்தைகள் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. மூன்று முதல் ஆறு வயது, முரட்டுத்தனம் காட்டும் பெரியவரைப் பார்த்த குழு, அமைதியானவரைப் பார்த்த குழு, யாரையும் பார்க்காத குழு, அடித்தால் திரும்ப எழுந்து நிற்கும் போபோ பொம்மை, எல்லாம் சரி. நாள் முழுக்க நின்றுகொண்டே துணி எடுத்துக் காட்டிவிட்டு, ராத்திரி படித்து, இவ்வளவையும் பிழையில்லாமல் எழுத முடிகிறவருக்கு ஞாபக சக்தி குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். உங்களுக்கு வந்த கேள்விகளை எனக்குச் சொல்லும்போது, "பாவ்லோவ் பற்றி ஒன்று, குறுக்கீடு பற்றி ஒன்று, வலுவூட்டல் பற்றி ஒன்று, பண்டூரா பற்றி ஒன்று" என்று எழுதியிருக்கிறீர்கள். வினாத்தாள் படத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. முதல் கேள்வி 'வரையறு' என்று முடிகிறது. இரண்டாவது 'விளக்குக'. மூன்றாவது 'வேறுபடுத்துக'. நான்காவது 'மதிப்பிடுக'. நான்கு கேள்வியும் நான்கு வெவ்வேறு வேலை சொல்கின்றன. நீங்கள் நான்கிலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள். பெயரைப் பார்த்ததும் அந்தப் பாடத்தில் தெரிந்ததை எல்லாம் முதலிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மார்க் போனது அங்கேதான்.

இதில் உங்கள் தவறு மட்டும் இல்லை. நம் மொழியில் வாக்கியம் அப்படித்தான் அமைகிறது. ஆங்கில வினாத்தாளில் 'டிஃபைன்', 'எக்ஸ்ப்ளெயின்' என்று ஏவல் சொல் வரியின் தொடக்கத்திலேயே நிற்கும். அதைத் தாண்டித்தான் பொருளுக்குப் போக முடியும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "மறத்தலுக்கான குறுக்கீட்டுக் கோட்பாட்டை" என்று படிக்கும்போதே மனசு அந்தப் பாடத்துக்கு ஓடிவிடுகிறது, கை பேனாவை எடுத்துவிடுகிறது. 'ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக' என்ற வால் கண்ணில் பட்டும் படாமலும் போகிறது. அதனால் நான் என் மாணவிகளிடம் எப்போதும் சொல்வது இதுதான்: கேள்வியை வாலிலிருந்து படியுங்கள். முதலில் மார்க், அப்புறம் வினைச்சொல், அதற்கு முன்னால் 'ஓர் எடுத்துக்காட்டுடன்', 'ஏதேனும் இரண்டு' என்று இருக்கிற நிபந்தனை, கடைசியாகப் பாடத்தின் பெயர்.

இனி உங்கள் நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி, "ஆக்கநிலையுறுத்தல்: வரையறு", 2 மார்க். நீங்கள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பாவ்லோவ் ரஷ்ய நாட்டு விஞ்ஞானி, செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றார், உணவு வரும் முன்பே நாய்க்கு எச்சில் ஊறியது. எல்லாம் உண்மை. ஆனால் வரையறை எங்கே? 'வரையறு' என்ற சொல்லிலேயே 'வரை' இருக்கிறது. எல்லை. ஒரு மனைக்கு நான்கு பக்கமும் கல் நடுவதுபோல, இது வரைக்கும் இது, இதற்கு வெளியே வேறு என்று காட்ட வேண்டும். பாவ்லோவின் கதை அந்த மனைக்குள் இருக்கிற ஒரு வீடு, அவ்வளவுதான். ஒன்றைச் செய்யத் தூண்டுவது தூண்டல், அதற்கு எழும் எதிர்வினை துலங்கல். இப்படி எழுதியிருந்தால் போதும்: "ஒரு துலங்கலைத் தானாகவே எழுப்பும் தூண்டலோடு, அதை எழுப்பாத ஒரு நடுநிலைத் தூண்டலைத் திரும்பத் திரும்ப இணைத்து வரும்போது, பின்னர் அந்த நடுநிலைத் தூண்டல் மட்டுமே அதுபோன்ற துலங்கலை எழுப்பும்படி ஆவது ஆக்கநிலையுறுத்தல் எனப்படும்." இணைப்பு ஒரு மார்க், இணைப்பின் விளைவு ஒரு மார்க். உங்கள் ஒன்றரைப் பக்கத்தில் விளைவு வந்திருக்கிறது, இணைத்தல் என்ற சொல் எங்கேயும் வரவில்லை. அதனால்தான் 1.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 3 மணி நேரம் என்பது 180 நிமிடம். 100 மார்க்குக்குப் பிரித்தால் ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. 2 மார்க் கேள்விக்கு மூன்றரை நிமிடம், 5 மார்க் கேள்விக்கு ஒன்பது நிமிடம். ஒன்றரைப் பக்கம் எழுத உங்களுக்குப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். கடைசி 10 மார்க் கேள்விக்கு நேரம் இல்லாமல் போனது அப்படித்தான். அந்த 10 மார்க்கில் 7 வந்திருந்தாலே நீங்கள் பாஸ்.

'குறிப்பிடுக', 'பெயரிடுக', 'பட்டியலிடுக' என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். கேட்ட எண்ணிக்கையை எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூன்று கேட்டால் மூன்று. ஐந்து எழுதினாலும் மூன்றுக்குத்தான் மார்க்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. "குறுக்கீட்டுக் கோட்பாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக", 5 மார்க். நீங்கள் எழுதியது: குறுக்கீடு இரண்டு வகைப்படும், முன்னோக்கிய குறுக்கீடு, பின்னோக்கிய குறுக்கீடு, பழையது புதியதைக் கெடுப்பது முதல் வகை, புதியது பழையதைக் கெடுப்பது இரண்டாம் வகை. இது தவறில்லை. ஆனால் இது விவரிப்பு. கேட்டது விளக்கம்.

விவரி, விளக்கு இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலரும் மார்க்கை விடுகிறார்கள். சொல்லுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. 'விவரி' என்றால் விவரம் கொடு: என்ன, யார், எப்படி, எத்தனை. 'விளக்கு' என்றால் விளங்க வை: ஏன் அப்படி நடக்கிறது. தெருவில் விபத்து நடந்தால், "பைக் வந்தது, லாரி திரும்பியது, இடித்தது" என்பது விவரம். "முனையில் விளக்கு எரியவில்லை, அதனால் லாரி திரும்பியது பைக்காரருக்குத் தெரியவில்லை" என்பது விளக்கம். இங்கிலாந்தின் ஏ.க்யூ.ஏ. தேர்வு வாரியம் இப்படிப்பட்ட ஏவல் சொற்களுக்குப் பொருள் எழுதிப் பட்டியலாகவே வெளியிட்டிருக்கிறது. அதிலும் இதே பிரிவினைதான்: ஒன்று ஒரு விஷயத்தைப் பற்றிய விவரணை, மற்றது நோக்கத்தையோ காரணத்தையோ எடுத்து வைப்பது.

உங்கள் விடையை விளக்கமாக மாற்ற நான்கே வரி போதும். "ஒரே மாதிரியான இரண்டு செய்திகளைக் கற்றிருக்கும்போது, ஒரே குறிப்பு இரண்டையும் எழுப்புகிறது. இரண்டும் போட்டியிடுவதால் வேண்டிய செய்தி வெளியே வருவதில்லை. ஆகவே இக்கோட்பாட்டின்படி மறத்தல் நடப்பது, காலம் கடந்ததால் நினைவு அழிந்ததாலன்று, வேறொரு நினைவு வழியை மறிப்பதால். இரண்டு செய்திகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவு குறுக்கீடு அதிகம்." இதைத் தொடர்ந்து இரண்டு வகைகளையும் எழுதலாம்.

எடுத்துக்காட்டை நீங்கள் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்திருக்கிறீர்கள். தேவையே இல்லை. உங்கள் கடையில் நைட்டி ரேக்கை மாடிக்கு மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் முழுக்க, வாடிக்கையாளர் "நைட்டி" என்றதும் உங்கள் கால் கீழ்தள ரேக்குக்குத்தான் போகும். ஏனென்றால் அந்தச் சொல் பழைய இடத்தை முதலில் எழுப்புகிறது. அது முன்னோக்கிய குறுக்கீடு. ஆறு மாதம் கழித்து, "முன்பு நைட்டி எந்த வரிசையில் இருந்தது?" என்று யாராவது கேட்டால் புதிய இடம் மட்டும் கண்முன் வந்து பழையது வராமல் நின்றால், அது பின்னோக்கிய குறுக்கீடு. 'ஏனென்றால்' வந்துவிட்டதா என்று பாருங்கள். வெறும் சம்பவத்தை எழுதிவிட்டால் அது எடுத்துக்காட்டு ஆகாது. கோட்பாடு அந்தச் சம்பவத்துக்குள் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஏனெனில்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டாலே விளக்கம் ஆகிவிடாது. "குறுக்கீட்டால் மறக்கிறோம், ஏனெனில் குறுக்கீடு நினைவைக் கெடுக்கிறது" என்று எழுதிய விடைகளைப் பார்த்திருக்கிறேன். இதில் காரணம் எதுவும் இல்லை. சொன்னதையே திருப்பிச் சொன்னதுதான். 'ஏனெனில்' என்பதற்குப் பிறகு வாசிப்பவருக்குப் புதிதாக ஒரு செய்தி கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, "எதிர்மறை வலுவூட்டலையும் தண்டனையையும் வேறுபடுத்துக", 5 மார்க். நீங்கள் முதல் பத்தியில் எதிர்மறை வலுவூட்டலையும் இரண்டாம் பத்தியில் தண்டனையையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியே எழுதிவிட்டு, வேறுபாட்டைத் திருத்துபவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டதுபோல் ஆகிவிட்டது. வேறுபடுத்த வேண்டியது உங்கள் வேலை. ஒரே அளவுகோலில் இரண்டையும் வைத்து, 'ஆனால்', 'மாறாக' என்று எழுத வேண்டும். எதிர்மறை வலுவூட்டல் ஒரு நடத்தையைக் கூட்டுகிறது, தண்டனையோ குறைக்கிறது. அதுதான் முக்கிய வேறுபாடு. அடுத்து, எதிர்மறை வலுவூட்டலில் பிடிக்காத ஒன்று நீங்குகிறது. தண்டனையில் பிடிக்காத ஒன்று வந்து சேர்கிறது, அல்லது பிடித்த ஒன்று பறிபோகிறது.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகவும் சாதாரணம். 'எதிர்மறை' என்ற சொல்லைக் கேட்டதும் கெட்டது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. நம் பகுதி ஆட்களுக்கு இதைப் புரியவைக்க நான் கொசுவைத்தான் துணைக்கு அழைப்பேன். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் கொசுவர்த்தி ஏற்றுகிறீர்கள், கொசு போகிறது. தொல்லை நீங்கியதால் நாளைக்கும் ஏற்றுகிறீர்கள். ஏற்றும் நடத்தை கூடியது, அது எதிர்மறை வலுவூட்டல். ஹெல்மெட் போடாமல் போனவருக்கு அபராதம் விழுகிறது, ஹெல்மெட் இல்லாமல் போவதை அவர் குறைத்துக்கொள்கிறார். அது தண்டனை. 'ஒப்பிடுக' என்று கேட்டிருந்தால், இரண்டுமே செயலின் விளைவால் நடத்தை மாறுவது என்ற ஒற்றுமையையும் சேர்த்து எழுத வேண்டும். 'வேறுபடுத்துக' என்றால் அது வேண்டாம்.

நான்காவது, "பண்டூராவின் ஆய்வை மதிப்பிடுக". முன்பே சொன்னேன், நீங்கள் எழுதிய விவரம் எல்லாம் சரி. ஆனால் ஒரு வரிகூட மதிப்பீடு இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் மதிப்பிடுவது உங்களுக்குத் தெரியாத வேலை இல்லை.

காசிமேட்டில் மீன் வாங்கப் போயிருப்பீர்கள். வஞ்சிரத்தைக் கையில் எடுத்ததும் "இது வஞ்சிரம், நீளம் இவ்வளவு, கடலில் வாழும்" என்றா சொல்வீர்கள்? செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள், சிவப்பாக இருக்கிறதா என்று. கண் தெளிவாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை எழும்புகிறதா என்று பார்ப்பீர்கள். அப்புறம்தான் "நேத்து மீனு, இந்த விலைக்கு ஆவாது" என்பீர்கள். ஓர் அடையாளம், அது எதைக் காட்டுகிறது, அதனால் என் முடிவு என்ன. மதிப்பிடுக என்றால் இந்த மூன்றும் வேண்டும். "சோதனைக்கூடச் சூழல் செயற்கையானது" என்று மட்டும் எழுதுவது, செவுளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மீனைக் கீழே வைப்பது மாதிரி.

பண்டூரா ஆய்வுக்கு எழுதிப் பார்ப்போம். பலம்: குழந்தைகள் முன்பே எவ்வளவு முரட்டுத்தனம் உள்ளவர்கள் என்று அளந்து, குழுக்களைச் சமமாகப் பிரித்தார்கள். அதனால் பிறகு தெரிந்த வேறுபாடு, பார்த்த பெரியவரால் வந்தது என்று சொல்ல முடிகிறது. ஆகவே காரணம்–விளைவு பற்றி இந்த ஆய்வு சொல்வதை நம்பலாம். பலவீனம்: போபோ பொம்மை அடிப்பதற்காகவே செய்யப்பட்டது. குழந்தை அதை அடிப்பது முரட்டுத்தனமா, அந்தப் பொம்மையை வைத்து எப்படி விளையாடுவது என்று கற்றுக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே நிஜ வாழ்க்கையில் இன்னொரு குழந்தையை அடிப்பதற்கு இதை அப்படியே பொருத்துவது கடினம். இன்னொன்று: குழந்தைகள் எல்லாரும் ஒரே பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியைச் சேர்ந்தவர்கள். வேறு சூழலில் வளர்ந்த பிள்ளைகளும் இப்படியே நடப்பார்கள் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 5 மார்க்குக்கு இப்படி இரண்டு அல்லது மூன்று குறிப்புகள் போதும். ஆய்வின் விவரம் ஓரிரு வரிக்கு மேல் வேண்டாம். கடைசியில் உங்கள் தீர்ப்பு ஒரு வரி இருந்தால் நல்லது. 'விவாதி' என்று வந்தாலும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அங்கே மாற்றுக் கருத்து வைத்திருப்பவர்களையும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

உங்கள் வினாத்தாளில் இன்னொரு வகைக் கேள்வியும் இருந்தது, அதை நீங்கள் தொடவே இல்லை. ஒரு சூழலைக் கொடுத்து, "இச்சூழலில் உள்ள தூண்டல், துலங்கல்களை இனங்காண்க" என்று கேட்டிருக்கிறார்கள். தடுப்பூசி போட்ட குழந்தை, பிறகு வெள்ளைக் கோட்டு போட்டவரைப் பார்த்தாலே அழுகிறது. இது வெகு எளிது, தங்கை. வலி தரும் ஊசி இயல்பான தூண்டல், அதற்கு அழுவது இயல்பான துலங்கல். வெள்ளைக் கோட்டு முதலில் நடுநிலைத் தூண்டல், ஊசியோடு இணைந்த பிறகு ஆக்கநிலைத் தூண்டல். கோட்டைப் பார்த்து அழுவது ஆக்கநிலைத் துலங்கல். இந்த மாதிரிக் கேள்வியில் பாவ்லோவின் நாயை எழுதினால் மார்க் வராது. குழந்தை, ஊசி, கோட்டு என்ற அந்தச் சூழலின் சொற்கள் உங்கள் விடையில் இருக்க வேண்டும். முடி வெட்டும் கடையில் வெள்ளைத் துணியைப் பார்த்தும் அந்தக் குழந்தை அழுதால் அது பொதுமைப்படுத்தல். அடுத்த முறை அதையும் கேட்கலாம்.

ஒரு வினைச்சொல் விடையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நம் பாடத்திலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. 1974-இல் லாஃப்டஸும் பாமரும் 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டினார்கள். எல்லாரும் பார்த்தது ஒரே படங்கள். பிறகு, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. ஒன்றையொன்று 'நொறுங்க மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40 மைலுக்கு மேல். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8. இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆனாலும் 'நொறுங்க மோதிய' குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்த' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். உங்கள் இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் நினைவு பற்றிய பகுதியில் இது வரும், நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்.

சரி, அரியருக்கு எப்படித் தயார் ஆவது? புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இருக்கிற பாடம் போதும். ராத்திரி படிப்பதில் பாதி நேரத்தை எழுதுவதற்கு ஒதுக்குங்கள். ஒரே தலைப்பை எடுத்து, வாலை மட்டும் மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். குறுகிய கால நினைவு என்று எடுத்துக்கொள்வோம்.

'வரையறு' என்றால், சிறிதளவு செய்தியைச் சில வினாடிகளுக்கு மட்டும் வைத்திருக்கும் நினைவு என்று இரண்டு வரி. 'அதன் கொள்ளளவைக் குறிப்பிடுக' என்றால், 1956-இல் மில்லர் சொன்ன 7 கூட்டல் கழித்தல் 2, அதாவது 5 முதல் 9 வரை. ஒரே வரி. 'அது பற்றிய ஓர் ஆய்வை விவரி' என்றால், 1959-இல் பீட்டர்சன் இணையர் செய்தது: மூன்று மெய்யெழுத்துகளைக் கொடுத்தார்கள், ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள், 3 முதல் 18 வினாடி கழித்து எழுத்துகளைக் கேட்டார்கள், 18 வினாடி ஆனபோது பெரும்பாலானவை நினைவில் இல்லை. இதையே 'விளக்குக' என்றால்: பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்ததால் எழுத்துகளை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க வழியில்லை, அப்படிச் சொல்லிப் பார்க்காத செய்தி சீக்கிரம் மங்கிவிடும், அதனால் மறந்தார்கள். 'மதிப்பிடுக' என்றால்: அர்த்தமில்லாத எழுத்துகளை யாரும் அன்றாட வாழ்க்கையில் நினைவில் வைப்பதில்லை, ஆகவே சாதாரண நினைவுக்கு இதை எவ்வளவு பொருத்தலாம் என்பது சந்தேகம். அதோடு, 1962-இல் கெப்பலும் அண்டர்வுட்டும் இதே மாதிரிச் சோதனையின் முதல் சுற்றில் மறத்தல் மிகக் குறைவு என்று காட்டினார்கள். அப்படியென்றால் மறக்க வைத்தது கடந்துபோன நேரம் அல்ல, முந்தைய சுற்றுகளின் எழுத்துகளாக இருக்கலாம். அதாவது நீங்கள் எழுதிய அதே முன்னோக்கிய குறுக்கீடு.

ஒரே தலைப்புதான். விடைகள் மட்டும் எவ்வளவு வேறாக இருக்கின்றன பாருங்கள். இதில் எதுவும் தற்செயல் இல்லை. 1956-இல் புளூம் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் கற்றல் நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்தல் என்று படிப்படியாக வகைப்படுத்தி, மேல் படியில் மதிப்பிடுதலை வைத்தார்கள். பி.எட். படித்த எவருக்கும் இது தெரியும். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இந்தப் படிகளை மனசில் வைத்துத்தான் வாலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு சின்ன சிக்கல் உண்டு. வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வந்தால், சில சமயம் 'டிஸ்கஸ்' என்பதைத் தமிழில் 'விவரி' என்று போட்டுவிடுவார்கள். அதனால் ஆங்கில வரியின் முதல் சொல்லையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அதிக வேலை கேட்கிற சொல்லுக்கு எழுதுங்கள்.

தேர்வு அறையில் வினாத்தாள் கைக்கு வந்ததும் முதல் ஐந்து நிமிடம் எழுதாதீர்கள். ஒவ்வொரு கேள்வியின் வாலையும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ஓரத்தில் ஒரே சொல் எழுதிக்கொள்ளுங்கள்: எல்லை, என்ன, ஏன், எதில் வேறு, எவ்வளவு சரி. எழுதி முடித்ததும் அந்த ஒரு சொல்லுக்கு விடை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முதலில் பதற்றமாக இருக்கும், பக்கத்து ஆள் மளமளவென்று எழுதிக்கொண்டிருப்பார். இருக்கட்டும். உங்கள் கடையில் வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துப் போட மாட்டீர்கள். யாருக்கு, என்ன அளவு, என்ன விலைக்குள் என்று கேட்டுவிட்டுத்தான் ரேக் பக்கம் போவீர்கள். இங்கேயும் அதேதான்.

வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 33 வயதில் நீங்கள் படித்ததை மறக்கவில்லை என்று உங்கள் விடைத்தாளே சொல்கிறது. பார்க்கப்போனால், கடை, பிள்ளைகள், தெரு என்று உங்களிடம் எடுத்துக்காட்டுகள் குவிந்து கிடக்கின்றன. பதினெட்டு வயதில் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு அவ்வளவு இருக்காது.

இந்த வாரம் வேறு எதுவும் வேண்டாம். அதே நான்கு கேள்விகளுக்கும் மறுபடி விடை எழுதுங்கள். 2 மார்க்குக்கு மூன்றரை நிமிடம், 5 மார்க்குக்கு ஒன்பது நிமிடம், செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு. நான் மேலே எழுதியதைப் பார்க்காமல் எழுதுங்கள். எடுத்துக்காட்டும் நான் சொன்ன நைட்டி ரேக்காக இருக்க வேண்டாம், உங்களுடையதாக இருக்கட்டும். எழுதி, படம் எடுத்து அனுப்புங்கள். நான் திருத்தி, மார்க் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா